திருநாளைப்போவாரைப் பாடிய தீந்தமிழ்ப் பாவலர் கோபாலகிருஷ்ண பாரதியார்

தில்லைச் சிற்றம்பலத்தே திருநடனம் புரியும் பெருமானை நினைந்து உள்ளம் உருகிய அடியவர் பலர். அவருள்ளும் அறுபத்து மூவரில் ஒருவராகிய திருநாளைப்போவார் நாயனாரை, அதாவது நந்தனாரை, அறியாத சைவர் இலர். நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கி நின்ற பண்ணையாள், அவரைப் போகவிடாமல் தடுத்த வேதியர், ஓர் இரவிலே விளைந்து நின்ற நாற்பது வேலி நெல் ஆகிய காட்சிகள் நம் அனைவருடைய நெஞ்சிலும் பதிந்தவை.

ஆனால் இக்காட்சிகளுள் பல பெரிய புராணத்திலே இல்லை என்பதைச் சிலரே அறிவர். வேதியரும், நாற்பது வேலி நிலமும், விடை கேட்டுக் கெஞ்சும் நந்தனும் 19-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் தனியராய் வாழ்ந்த ஓர் இசைப் புலவரின் உள்ளத்திலே பிறந்தவர்கள். அவரே கோபாலகிருஷ்ண பாரதியார்.

அடியேனுடைய பாட்டியார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் நந்தன் கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லுவார். வேதியரிடம் நந்தன் விடை கேட்கும் இடம் வந்ததும் அவருடைய குரல் தழுதழுக்கும். அந்தப் பாட்டுக்களை இயற்றியவர் யார் என்று தேடிப் படிக்கும் வாய்ப்புப் பல ஆண்டுகள் கழித்தே கிட்டியது. படித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. நந்தனைப் பாடிய அப்பெரியாரும் தம் வாழ்நாளில் நந்தனைப் போலவே ஒரு வாயிலில் காத்து நின்றவர். அவ்வரலாற்றைத் திருவிழா மலர் வழியாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதில் மகிழ்ச்சி அடைகின்றேன்.

பிறந்த ஊரும் வளர்ந்த சூழலும்

நாகப்பட்டினத்திற்கு அருகில் நரிமணம் என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் 1810-ஆம் ஆண்டையொட்டி, வடமொழியும் இசையும் பயின்ற அந்தணர் குடும்பத்தில் கோபாலகிருஷ்ணர் தோன்றினார். நரிமணத்தில் பிறந்தவராயினும் அவருடைய வாழ்க்கை முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் ஆகிய ஊர்களிலேயே பெரும்பாலும் கழிந்தது. இவை யாவும் காவிரி பாயும் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர்கள்.

அக்காலத் தஞ்சை நாடு இசையின் பொற்காலத்தைக் கண்டுகொண்டிருந்தது. 1799-இல் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றுவிட்டபோதிலும், மராட்டிய மன்னரின் அவையில் கலைகள் போற்றப்பெற்றன. திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளான தியாகையர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவரும் கோபாலகிருஷ்ணரின் இளமைக்காலத்தில் உயிருடன் வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்களுடைய பாடல்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்தவை. பெரிய அவைகளில் தமிழ்ப் பாட்டுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கவில்லை. தாய்மொழியில் பாட விரும்பிய ஓர் இளைஞருக்கு இது எளிய சூழல் அன்று.

துறவுக்கும் இசைக்கும் நடுவே

கோபாலகிருஷ்ணரின் உள்ளம் இளமையிலேயே இரண்டு வழிகளால் ஈர்க்கப்பெற்றது. ஒன்று ஞானவழி. மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியார் ஒருவர் இருந்தார். அவரை அடைந்து வேதாந்தத்தையும் யோகப் பயிற்சியையும் கோபாலகிருஷ்ணர் கற்றார். மற்றொன்று இசைவழி. தஞ்சை அரியணையை இழந்த அமரசிம்மர் திருவிடைமருதூரில் வாழ்ந்து, அங்கே இசைவாணர் பலரை ஆதரித்து வந்தார். அவ்வூரில் இருந்த இராமதாசர் என்னும் இந்துஸ்தானி இசை வல்லுநரிடம் கோபாலகிருஷ்ணர் வடநாட்டு இசையின் நுட்பங்களைப் பயின்றார்.

இவ்விரு வழிகளும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவன அல்ல. வேதாந்தம் பெயரும் உருவும் கடந்த பொருளைச் சிந்திக்கச் சொல்லுகிறது. யோகம் புலன்களை அடக்கி மௌனத்தில் அமரச் சொல்லுகிறது. இசையோ செவிக்கு விருந்தாவது. நாலு பேர் கூடிக் கேட்டால்தான் சிறப்பது. பாடுகின்றவனுக்குப் புகழும் பொருளும் வேண்டும் என்ற ஆசையையும் அது உடன் கொண்டுவந்து விடுகிறது.

கோபாலகிருஷ்ணர் இரண்டில் ஒன்றைத் துறக்கவில்லை. காவி உடுத்து முறைப்படி துறவு மேற்கொள்ளவும் இல்லை. இல்லறம் ஏற்று மனைவி மக்களோடு வாழவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் பிரமசாரியாகவே இருந்தார். கதை சொல்லுவதும் பாட்டு இயற்றுவதுமே அவருக்குத் தொழில். அப்பாட்டுக்களில் அவர் அழைத்தது நடராசப் பெருமானை. உருவம் கடந்த பொருளும் அதுவே, காலைத் தூக்கி நின்று ஆடும் உருவமும் அதுவே என்ற தெளிவு அவருக்குத் தில்லையில் கிடைத்தது போலும். வேதாந்தியின் ஞானமும் பாடகனின் பக்தியும் தில்லைக் கூத்தன் திருவடியிலே கைகோத்துக்கொண்டன.

திருவையாற்றில் ஒரு சந்திப்பு

தியாகையரைக் காண வேண்டும் என்ற ஆவலினால் கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றுக்குச் சென்ற நிகழ்ச்சியைப் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். தியாகையர் 1847-இல் மறைந்தவர் ஆதலின், இது அதற்கு முன் நடந்ததாகும்.

பாரதியார் அங்கே சென்று ஒரு மூலையில் அடக்கமாக அமர்ந்திருந்தாராம். வந்திருப்பவர் மாயூரத்துப் பக்கத்தவர் என்று அறிந்த தியாகையர், அப்பகுதியில் கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கின்றாராமே, அவரைத் தெரியுமா என்று வினவினாராம். அது தாமே என்று இவர் மெல்லச் சொல்ல, தியாகையர் பெரிதும் மகிழ்ந்து உபசரித்தாராம். அப்போது சீடர்கள் ஆபோகி இராகத்தில் அமைந்த தியாகையர் கீர்த்தனம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் நீங்கள் ஏதேனும் இயற்றியது உண்டோ என்று தியாகையர் கேட்க, பாரதியார் அப்போதைக்கு ஒன்றும் சொல்லாதிருந்து, மறுநாள் தில்லைச் சபாபதியின் மீது ஆபோகியில் ஒரு கீர்த்தனம் இயற்றி வந்து பாடினார் என்பர். அதுவே சபாபதிக்கு என்று தொடங்கும் புகழ்பெற்ற பாடல். இன்றும் கச்சேரி மேடைகளில் ஆபோகி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அப்பாடலே.

இந்நிகழ்ச்சியில் நாம் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தம் பெயரைத் தாமே சொல்லிக்கொண்டு முன்னே சென்று நிற்கும் இயல்பு பாரதியாருக்கு இல்லை. கேட்டால் சொல்லுவார், இல்லையேல் மூலையிலேயே அமர்ந்திருப்பார். இந்த அடக்கமே பிற்காலத்தில் அவருக்குப் பெரிய சோதனையாகவும் அமைந்தது.

ஆனந்ததாண்டவபுரத்தில் கண்ட காட்சி

மாயூரத்திற்கு அருகில் உள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் நிலக்கிழார் ஒருவரின் ஆதரவில் பாரதியார் நெடுங்காலம் வாழ்ந்தார். ஊரின் பெயரிலேயே நடராசப் பெருமானின் ஆனந்தத் தாண்டவம் அமைந்திருப்பது அவருக்கு எத்துணை இன்பம் அளித்திருக்கும்! உண்ண உணவும் இருக்க இடமும் அங்கே குறைவின்றிக் கிடைத்தன.

ஆயினும் அந்த உணவு எங்கிருந்து வந்தது என்பதை அவர் காணாமல் இருந்திருக்க முடியாது. அக்காலத் தஞ்சை வட்டாரத்தில் உழவுத் தொழிலாளர் பலர் பரம்பரை பரம்பரையாகப் பண்ணைக்குக் கட்டுப்பட்ட அடிமைகளாகவே இருந்தனர். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கில ஆட்சி 1843-இல் அறிவித்தபோதிலும், சேரியின் வாழ்க்கை எளிதில் மாறிவிடவில்லை. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்தவர்கள் அக்களஞ்சியத்துக்கு உரியவருடைய வீதியில் நடக்கவும் கூடாது. அவர்கள் விளைத்த நெல் கோயிலில் நிவேதனம் ஆகலாம். அவர்கள் அக்கோயிலினுள்ளே செல்லலாகாது.

பாரதியார் பிறப்பால் அந்தணர். உண்டது நிலக்கிழாரின் உணவு. வேதாந்தம் கற்றவர் ஆதலின் எல்லா உயிரிலும் ஒரே பொருள் நிற்கின்றது என்பதை அறிந்தவர். இம்மூன்றும் ஓர் உள்ளத்தில் கூடினால் அவ்வுள்ளம் அமைதியாக இருக்க இயலுமோ? அவர் தம் மனப் போராட்டத்தை எவரிடமும் சொற்பொழிவாகச் சொல்லவில்லை, கட்டுரையாகவும் எழுதவில்லை. ஆனால் அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை ஊன்றிப் படிப்பவர்க்கு அப்போராட்டம் அடிதோறும் தெரியும்.

சேக்கிழார் சொன்னதும் பாரதியார் சேர்த்ததும்

நந்தனார் வரலாற்றை முதலில் சுட்டியவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருத்தொண்டத் தொகையில் பெயரளவில் வணங்கப்பெற்ற அவ்வடியாரை நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியில் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அதனை விரித்துரைத்தார். சேக்கிழார் காட்டும் நந்தனார் ஆதனூரில் வாழ்ந்தவர். ஊர்த்தொழிலுக்காக விடப்பெற்ற நிலத்தின் வருவாயைக் கொண்டு வாழ்ந்து, கோயில்களுக்குப் பேரிகை முதலிய கருவிகளுக்கான தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்துத் தொண்டு புரிந்தவர். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியது. தில்லை செல்ல ஏங்கி, நாளை போவேன் என்று நாட்களைக் கழித்து, ஒருநாள் சென்று, எல்லையை வலம் வந்து நின்றார். இறைவன் கனவில் தோன்றிப் பணித்தவாறே தீயில் மூழ்கி எழுந்து, அம்பலத்தே ஒன்றிக் கலந்தார்.

இவ்வரலாற்றில் நந்தனாரைத் தடுத்தவர் எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி நிற்கின்றார். அவருக்கு எசமானர் என்றும் ஒருவர் இல்லை.

கோபாலகிருஷ்ண பாரதியார் இங்கேதான் துணிந்து கை வைத்தார். நந்தனை ஒரு பண்ணையாளாக்கினார். அவனுக்கு மேலே ஒரு வேதியரை எசமானராக வைத்தார். ஆகவே நாளை என்னும் சொல்லுக்குப் புதிய பொருள் பிறந்தது. சேக்கிழாரின் நந்தனார் தயக்கத்தால் நாளை என்றார். பாரதியாரின் நந்தனாரோ விடை கிடைக்காமையால் நாளை என்றார். நடவு முடியட்டும், களை எடுக்கட்டும், அறுப்பு முடியட்டும் என்று வேலை ஒன்றின்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஏழைத் தொழிலாளியின் பக்திக்கு எதிரே நிற்பது அவனுடைய மனம் அன்று, அவன்மீது சுமத்தப்பட்ட வேலையே என்று பாரதியார் கண்டார்.

அம்மட்டோ? சேரியிலுள்ள முதியவர்களும் நந்தனைக் கண்டிக்கின்றனர். நமக்கு உரிய சிறு தெய்வங்கள் இருக்க, உயர்ந்தோரின் கடவுளை நீ நாடலாமா என்று அவர்கள் அஞ்சுகின்றனர். எசமானரிடம் முறையிடவும் செய்கின்றனர். ஆகவே நந்தன் இரு பக்கத்திலும் தனியனாகின்றான். இறுதியில், நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை செய்துவிட்டுப் போ என்று வேதியர் ஆணையிடுகின்றார். நடக்கவே முடியாத வேலையைச் சொன்னால் அதுவே மறுப்பு ஆகிவிடும் அல்லவா? நந்தன் இறைவனை நினைந்து மயங்கி விழ, சிவகணங்கள் ஓர் இரவிலே அவ்வேலையை முடித்துவிடுகின்றன. விடிந்ததும் விளைந்து நிற்கும் வயலைக் கண்ட வேதியர், தம் அடிமையின் காலில் விழுகின்றார்.

அந்தணர் ஒருவர் எழுதிய நூலில், அந்தணர் ஒருவர் சேரி மகனின் காலில் விழும் காட்சி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். கதை கேட்க வந்து முன்வரிசையில் அமர்ந்தவர்களும் நிலக்கிழார்களே. தமக்கு உணவளித்த வர்க்கத்தையே அவர் கண்ணாடியின் முன் நிறுத்தினார். அவர்களை வசைபாடவில்லை, அழவைத்தார்.

எளியோர் நாவில் ஏறிய இசை

பாரதியாரின் வெற்றிக்கு அவர் தேர்ந்துகொண்ட இசை வடிவங்களும் காரணமாகும். தூய கருநாடக இசைக் கீர்த்தனைகளோடு நொண்டிச்சிந்து, தண்டகம், இலாவணி, விருத்தம், இருசொல் அலங்காரம் முதலிய பல வடிவங்களையும் அவர் கையாண்டார். வயலில் பாடுகின்றவனுக்கும் வீதியில் நடக்கின்றவனுக்கும் பழக்கமான மெட்டுகள் அவை. சேரியில் உள்ளவர்கள் பேசும்போது அவர்களுடைய பேச்சு வழக்கே பாட்டில் ஒலித்தது. தில்லை வாயிலில் நின்று உள்ளே வரலாமோ என்று நந்தன் கேட்கும் வருகலாமோ என்னும் பாடலை மாஞ்சி இராகத்தில் அமைத்தார். அந்த இராகத்தின் குழைவும் அக்கேள்வியின் ஏக்கமும் பிரிக்க இயலாதவாறு கலந்துவிட்டன.

இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை, உணர்ச்சி பிழைக்கலாகாது என்று அவர் கருதினார் போலும். ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

புலவர் வாயிலில் காத்து நின்றமை

அக்காலத்தில் ஒரு நூல் கற்றோர் அவையில் ஏற வேண்டுமாயின், பெரும்புலவர் ஒருவர் அதற்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க வேண்டும். அப்போது தமிழ்நாட்டுப் புலவர்களுள் தலைசிறந்து விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1815-இல் பிறந்த அவர் மாயூரத்தில் வாழ்ந்துவந்தார். எண்ணற்ற புராணங்களையும் பிரபந்தங்களையும் பிழையற்ற செய்யுளில் பாடிக் குவித்தவர். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரை நாடிச் சென்றார்.

பிள்ளையவர்களுக்கு நூல் உவப்பாக இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, பாட்டுக்களில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தன. மற்றொன்று, சேக்கிழார் வாக்குக்கு மாறாகக் கதை அமைந்திருந்தது. பெரிய புராணத்தை வேதம் போலப் போற்றிய பெரும்புலவருக்கு இது பொறுக்க இயலாத குறை. ஆயினும் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல அவருடைய மென்மையான இயல்பு இடந்தரவில்லை. பிறகு பார்க்கலாம் என்று நாட்களைக் கடத்தினார்.

பாரதியார் மீண்டும் மீண்டும் சென்றார். இன்று இல்லை, இன்னொரு நாள் என்னும் விடையையே பெற்றுத் திரும்பினார். நந்தனுக்கு நாளை என்று விதித்தவர் தாமே நாளை என்ற சொல்லில் சிக்கிக்கொண்டார். தாம் கற்ற ஞானத்தின்படி மானமும் அவமானமும் ஒன்றே என்று இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் தம் நந்தனுக்கு ஓர் அங்கீகாரம் வேண்டும் என்ற தவிப்பு அவரை விடவில்லை. வேதாந்தி ஒதுங்கிப் போகச் சொல்லியிருப்பார். கவிஞரோ மறுபடியும் அவ்வாயிலை நாடிச் சென்றார்.

ஒருநாள் நண்பகல் வேளை. பாரதியார் சென்றபோது பிள்ளையவர்கள் உணவுக்குப் பின் உள்ளே படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வராமல் பாரதியார் வெளியே திண்ணையில் அமர்ந்தார். காத்திருக்கும் நேரத்தில், தம்மை மறந்து, நந்தனார் சரித்திரப் பாட்டு ஒன்றை மெல்லப் பாடத் தொடங்கினார். எவரும் கேட்க வேண்டும் என்று பாடியது அன்று அது. நெஞ்சில் நிறைந்து வழிந்ததைப் பாடினார்.

உள்ளே படுத்திருந்த புலவரின் செவியில் அவ்விசை விழுந்தது. ஏட்டில் கண்டபோது வழுவாகத் தோன்றிய சொற்கள், பாட்டாகக் கேட்டபோது வேறொன்றாக மாறின. இலக்கணம் எங்கோ சென்று ஒளிந்தது. நந்தனின் ஏக்கம் ஒன்றே எதிரே நின்றது. மகாவித்துவானின் கண்களில் நீர் பெருகியது. அவர் எழுந்து வெளியே வந்தார். இத்தனை நாள் அலையவைத்தமைக்கு வருந்தி, சிறப்புப்பாயிரம் இயற்றிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியைப் பிள்ளையவர்களின் மாணவராகிய டாக்டர் உ.வே. சாமிநாதையர் நமக்கு எழுதி வைத்துள்ளார். திருப்புன்கூரில் நந்தி விலகியதைப் புராணத்தில் படிக்கின்றோம். மாயூரத்துத் திண்ணையிலும் ஒரு நந்தி விலகியது என்றே எனக்குத் தோன்றுகின்றது. கல்விச் செருக்கு என்று பிள்ளையவர்களைக் குறைகூறுதல் தகாது. தாம் கட்டிக்காத்த முறையினும் உயர்ந்த ஒன்று எதிர்ப்பட்டபோது, அதனை ஒப்புக்கொண்டு எழுந்து வெளியே வந்த பெருந்தன்மை அவருடையது.

அச்சேறிய நந்தனார்

நந்தனார் சரித்திரக் கதை நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளில் பெரும்புகழ் பெற்றது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. அங்கே பணியாற்றிய சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி அவ்விசையில் உள்ளம் பறிகொடுத்து, நூல் அச்சாவதற்குத் துணைபுரிந்தார். 1860-களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது. தில்லைக் கூத்தனை நாடிய அடிமையின் கதையை அச்சேற்றக் கடல் கடந்து வந்த வேற்று நாட்டவர் ஒருவர் கை கொடுத்தார் என்பது இறைவனின் திருவிளையாடலே.

இதன் பிறகும் பாரதியார் ஓயவில்லை. திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோரின் வரலாறுகளையும் கீர்த்தனைகளாக இயற்றினார். தனிக் கீர்த்தனைகளும் பல. பரதநாட்டிய மேடைகளில் நாம் அடிக்கடி காணும் நடனம் ஆடினார் என்னும் வசந்தா இராகப் பாடலும் அவருடையதே.

ஒரு மாணவரும் இரண்டு ஆசான்களும்

1871-ஆம் ஆண்டு, பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க இளைஞரான சாமிநாதையர் மாயூரத்துக்கு வந்தார். அவருடைய தந்தையார் இசைவாணர் ஆதலின், மகன் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்க வேண்டும் என்று விரும்பினார். சில காலம் அவ்வாறே நடந்தது. இதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சி தடைப்படும் என்று கருதினார். ஆசிரியரின் கருத்தை உணர்ந்த மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

புலமைக்கும் இசைக்கும் இடையே இருந்த பழைய பிணக்கு மீண்டும் ஒருமுறை தலைகாட்டியது. தமிழுக்கு ஓர் உ.வே.சா. கிடைத்தார், பாரதியார் ஒரு மாணவரை இழந்தார். ஆனால் இறைவன் கணக்கு வேறு. அந்த மாணவரே பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றைத் தேடித் தொகுத்து நூலாக எழுதினார். சில காலமே இசை கற்ற அம்மாணவர் செலுத்திய அந்தக் குருகாணிக்கை இல்லையேல், பாரதியாரைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுள் பல நமக்குக் கிடைத்திரா.

முதுமைக் காலம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்பர். பல இலட்சம் மக்கள் மடிந்தனர். அவ்வேளையில் மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை, தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அவர் கிறித்தவ சமயத்தவர். இறைவனையே பாடிவந்த கோபாலகிருஷ்ண பாரதியார், அவருடைய ஈகையைக் கண்டு நெகிழ்ந்து அவர்மீது ஒரு பாடல் இயற்றினார். செல்வர் மனம் குளிரப் பாடிப் பரிசு பெற்ற பாட்டு அன்று அது. பசித்தவன் முகத்தில் இறைவனைக் கண்டவர் எவரோ, அவர் எச்சமயத்தவராயினும் வணக்கத்துக்கு உரியவர் என்பதே அவருடைய உள்ளம். நந்தனைப் பாடிய நெஞ்சம் வேறு எவ்வாறு எண்ணும்?

சொத்து சேர்க்காமலும் சந்ததி இல்லாமலும், பாடலே செல்வமாக வாழ்ந்து, அப்பெரியார் தில்லைக் கூத்தன் திருவடி நிழலை அடைந்தார்.

அவருக்குப் பின்

அவர் விதைத்த விதை பெருமரமாக வளர்ந்தது. தஞ்சை கிருஷ்ண பாகவதர் முதலிய கதாகாலட்சேப விற்பன்னர்கள் நந்தனார் சரித்திரத்தை ஊர்தோறும் கொண்டுசென்றனர். மகாகவி சுப்பிரமணிய பாரதியார் தம் சுதேசப் பாடல்கள் சிலவற்றை நந்தனார் சரித்திர மெட்டுகளிலேயே அமைத்தார். வேதியர் நந்தனை அதட்டும் மெட்டில், வெள்ளை அதிகாரி நாட்டுப் பற்றாளரை அதட்டுவதாகப் பாடினார். கேட்டவர் அனைவருக்கும் பொருள் உடனே விளங்கியது! காந்தியடிகள் நந்தனாரைச் சத்தியாக்கிரகிக்கு எடுத்துக்காட்டாகக் கூறிவந்தார். திரைப்படம் தோன்றியபின், 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரும் 1942-இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்துப் பாடினர்.

1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் உள்ளே சென்று வழிபட்டனர். அவ்வாயில் திறப்பதற்குப் பலருடைய உழைப்புக் காரணம். கதவைத் திறக்கும் முன் மக்கள் மனத்தைத் திறக்க வேண்டும் அன்றோ? அப்பணியில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று உறுதியாகக் கூறலாம்.

குறையும் நிறையும்

பாரதியார் எல்லாத் தடைகளையும் தகர்த்துவிட்டார் என்று கூறுதல் மிகையாகும். அவருடைய நந்தனும் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அம்பலத்தை அடைகின்றான். ஒரு மனிதன் இறைவனைக் காண்பதற்குத் தீயைக் கடந்துதான் வரவேண்டுமா என்ற கேள்வியை நம் காலத்தவர் கேட்கின்றனர், கேட்பதும் நியாயமே. சேக்கிழார் அமைத்த முடிவைப் பாரதியார் மாற்றவில்லை. ஆனால் அம்முடிவை அடையுமுன் நந்தன் அழுத கண்ணீரை நாம் அனைவரும் காணுமாறு செய்தார். அந்தக் கேள்வி நம் நாவில் இன்று எழுகின்றது என்றால், அதற்கும் அவர் பாட்டே வித்திட்டது எனலாம்.

இவ்வரலாற்றுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாரதியார் பிறந்த நரிமணத்துக்கு அருகிலுள்ள நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்துதான், அவர் வாழ்ந்த காலத்திலேயே, ஏழைத் தமிழர்கள் பினாங்குக்குக் கப்பலேறினர். அவர் கண்டு கலங்கிய அந்தச் சேரி மக்களைப் போன்றவர்களும் அவருள் இருந்தனர். அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் பொன்னும் பொருளும் இல்லை. இதுபோன்ற பாட்டுக்களும் தெய்வ நம்பிக்கையும் இருந்தன. தோட்டத்து லயன் வீட்டின் பின்னே ஒரு மரத்தடியில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கோயில் என்று கும்பிட்டார்கள். தைப்பூசத்துக்குப் போகக் கங்காணியிடமும் துரையிடமும் விடை கேட்டு நின்றார்கள். நந்தன் விடை கேட்கும் இடத்தில் என் பாட்டியாரின் குரல் ஏன் தழுதழுத்தது என்பது எனக்கு இப்போது விளங்குகின்றது. அவர் பாடியது பிறர் கதை அன்று.

இன்று நம் கோயில்களின் வாயில்கள் அகலத் திறந்துள்ளன. விடை கேட்க எசமானரும் இல்லை. ஆயினும் வந்து நிற்கும் அன்பர் ஒருவரின் உடையையோ, தொழிலையோ, பேச்சையோ கண்டு நம் பார்வை சற்றே மாறுமானால், அங்கே ஒரு வாயில் மூடுகின்றது. நாம் உள்ளே அமர்ந்திருக்கும்போது வெளியே திண்ணையில் எவரேனும் மெல்லப் பாடிக்கொண்டிருக்கின்றாரா என்று செவி கொடுத்துக் கேட்போம். கேட்டால், எழுந்து வெளியே சென்று அழைத்து வருவோம்.

தில்லைக் கூத்தன் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!